விவாகரத்தான கணவர் இறந்துவிட்டால்: வேலை செய்ய இயலாதவருக்கு அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி தரும் மாதத்தொகை – முழுமையான வழிகாட்டி

"அவர்தான் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரே, டைவர்ஸ் ஆகியே எட்டு வருஷம் ஆச்சு. அவர் போனதுக்கு எனக்கு எப்படிப் பணம் வரும்?"

அமெரிக்காவில் இருக்கும் நம் பெண்களிடம் இந்த உதவித்தொகையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். பணம் வரும். கல்யாணம் பத்து ஆண்டு நிலைத்திருந்து, உங்கள் வயது 50-ஐத் தாண்டி, உடல்நிலையால் வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், இறந்துபோன முன்னாள் கணவரின் சோஷியல் செக்யூரிட்டி (சம்பளத்தில் பிடிக்கும் வரியில் நடக்கும் அரசுக் காப்பீடு) கணக்கிலிருந்து மாதாமாதம் தொகை பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் ஒரு நாள்கூடச் சம்பள வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. எச்-4 விசாவில் வந்து, வேலை பார்க்க அனுமதி இல்லாமல், பிள்ளைகளை வளர்த்தே வயது போனவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் அமெரிக்க அரசிடம் கிடையாது. ஆனால் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

மனைவியை இழந்த முன்னாள் கணவருக்கும் இதே விதிகள்தான். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று பெண்ணை வைத்தே எழுதுகிறேன்.

படி 1: பத்து ஆண்டுக் கணக்கு

திருமண நாளிலிருந்து விவாகரத்துத் தீர்ப்பு இறுதியான நாள் வரை குறைந்தது 10 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ஒரு வாரம் குறைந்தாலும் கிடைக்காது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறிய நாள் இங்கே கணக்கில்லை. நீதிமன்றத் தீர்ப்பின் தேதிதான் கணக்கு. ஏழாம் ஆண்டே பிரிந்துவிட்டீர்கள், வழக்கு இழுத்தடித்துப் பதினோராம் ஆண்டில்தான் தீர்ப்பு வந்தது என்றால் தகுதி உண்டு. இப்போது ஒன்பதரை ஆண்டில் நின்றுகொண்டு விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடப் போகிறவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஒருமுறை காலண்டரைப் பாருங்கள்.

நம் ஊர்க் கல்யாணங்களில் ஒரு குழப்பம் வரும். கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டியது ஒரு தேதி. விசாவுக்காகப் பதிவு அலுவலகத்தில் போய்ப் பதிந்தது வேறு தேதி. கணக்கு தொடங்குவது சட்டப்படி கல்யாணம் நடந்த நாளிலிருந்து. பதிவுச் சான்றிதழில் திருமண நாள், பதிவு நாள் இரண்டும் இருந்தால் எது எதுவென்று அதிகாரிக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

விவாகரத்தே வாங்காமல் தனித்தனியாக வாழ்ந்தவர்கள் இன்னொரு வகை. சட்டத்தின் பார்வையில் அவர் விவாகரத்தானவர் இல்லை, விதவை. விதவைக்குப் பத்து ஆண்டு நிபந்தனை கிடையாது. பொதுவாக 9 மாதத் திருமணம் போதும். இந்த வேறுபாடு தெரியாமல், தானே தகுதியில்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுபவர்கள் உண்டு.

அப்புறம் மறுமணம். 50 வயதுக்கு முன் நீங்கள் மறுமணம் செய்து, அந்தத் திருமணம் இன்னும் நீடித்தால், முன்னாள் கணவர் கணக்கில் தொகை வராது. அதுவும் முறிந்துவிட்டால் வழி மறுபடி திறக்கும். உடல் இயலாமை ஏற்பட்ட பிறகு, 50 வயதைக் கடந்து செய்த மறுமணமோ, 60-க்கு மேல் செய்ததோ தடையில்லை. அவர் எத்தனை முறை மணந்தார் என்பது உங்கள் விஷயத்தில் ஒரு பொருட்டே இல்லை.

படி 2: ஏழு ஆண்டுக் கணக்கு

பலர் சறுக்கும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உங்கள் இயலாமை, அவர் இறப்பதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் இறந்த மாதத்துக்குப் பிந்தைய 84 மாதங்களுக்குள், அதாவது ஏழு ஆண்டுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். விதி கேட்பது இயலாமை எப்போது தொடங்கியது என்பதை. விண்ணப்பத்தை அந்த ஏழு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும் என்பதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு. முன்னாள் கணவர் 2015 மார்ச்சில் இறந்தார். 84 மாதம் 2022 மார்ச் இறுதியில் முடிகிறது. அந்தப் பெண்ணுக்கு முடக்குவாதம் முற்றி, 2021 அக்டோபரில் வேலையை விட்டார். அப்போது வயது 49. இந்த உதவித்தொகையைப் பற்றி 2025-இல்தான் கேள்விப்படுகிறார், வயது 53. பத்து ஆண்டு நடந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். இயலாமை 2022 மார்ச்சுக்குள் தொடங்கியது என்று மருத்துவ ஆவணம் காட்டினால், 2025-இல் போடும் மனுவும் செல்லும். அதே நோய் 2022 ஜூலையில்தான் அவரை முடக்கியது என்று பதிவாகியிருந்தால், இயலாமையைப் பார்க்காமல் தரும் தொகைக்கு 60 வயது வரை காத்திருக்க வேண்டியதுதான். நான்கு மாத வித்தியாசம்!

ஆகவே விண்ணப்பத்தில் "எப்போதிலிருந்து வேலை செய்ய முடியவில்லை" என்ற கேள்விக்குக் குத்துமதிப்பாக ஒரு தேதி எழுதிவிடாதீர்கள். முதலில் பழைய மருத்துவமனைக் காகிதங்களைத் தோண்டி எடுங்கள். முதல் எம்ஆர்ஐ எப்போது, முதல் ஊசி எப்போது, டாக்டர் முதன்முதலாக வேலையைக் குறைக்கச் சொன்னது எப்போது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். தேதி அந்தத் தாளிலிருந்துதான் வர வேண்டும்.

அவருடைய குழந்தையை வளர்த்த வகையில் தாய்க்கான உதவித்தொகை வாங்கியிருந்தால், ஏழு ஆண்டு அந்தத் தொகை நின்ற நாளிலிருந்து எண்ணப்படும். அது உங்களுக்குச் சாதகம்.

படி 3: அவருடைய கணக்கில் போதுமான கிரெடிட் இருக்கிறதா?

அவர் முழுக் காப்பீடு பெற்றவராக இறந்திருக்க வேண்டும். 40 கிரெடிட் (வரி கட்டிப் பார்த்த வேலைக்குச் சேரும் புள்ளி), அதாவது சுமார் பத்து ஆண்டு வேலை, இருந்தால் எந்த வயதில் இறந்திருந்தாலும் போதும். இளவயதில் இறந்தால் அதைவிடக் குறைவு: 50 வயதில் இறந்தவருக்கு 28 கிரெடிட். எச்-1பி விசாவில் சம்பளம் வாங்கியபோது பிடித்த சோஷியல் செக்யூரிட்டி வரியும் இதில் சேரும். கிரீன் கார்டு வரும்முன் பார்த்த வேலை கணக்கில் வராது என்று நினைப்பது தவறு.

இந்தியாவில் பார்த்த வேலையை இதோடு கூட்ட முடியாது. இரு நாட்டுக்கும் இடையே அப்படியோர் ஒப்பந்தம் இல்லை. கனடாவுடன் உண்டு. டொராண்டோவில் சில ஆண்டு, நியூஜெர்சியில் சில ஆண்டு என்று வேலை பார்த்தவர் என்றால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

படி 4: எவ்வளவு வரும்?

அவருடைய அடிப்படைத் தொகையில், அதாவது முழு ஓய்வு வயதில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய தொகையில், 71.5 சதவீதம். அவருக்கு 2,400 டாலர் என்றால் உங்களுக்கு 1,716. நீங்கள் 50-இல் தொடங்கினாலும் 59-இல் தொடங்கினாலும் இதே சதவீதம்தான். பிறகு விலைவாசி உயர்வுக்கேற்ப ஆண்டுதோறும் கூடும்.

60 ஆனாலும் 67 ஆனாலும் சதவீதம் ஏறாது என்பதால் "காத்திருந்தால் 67-இல் முழுசாக வாங்கலாமே" என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். போட்டுத்தான் பார்ப்போமே. 55 வயதில் தொடங்கினால் 67 ஆவதற்குள் கைக்கு வருவது சுமார் 2,47,000 டாலர். காத்திருந்தவருக்கு மாதம் 684 டாலர் கூடுதலாக வரும். விட்டதை அந்தக் கூடுதலில் பிடிக்க 30 ஆண்டு ஆகும். அப்போது வயது 97. நானாக இருந்தால் காத்திருக்க மாட்டேன்.

உங்களுக்கே சொந்தமாக இயலாமைக் காப்பீட்டுத் தகுதி இருந்தால் இரண்டும் முழுதாகச் சேர்ந்து வராது. எது பெரிதோ அந்த அளவுக்கு வரும். பள்ளியிலோ மாநில அரசிலோ வேலை பார்த்துத் தனி ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு முன்பு இதில் பெரும் வெட்டு விழுந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் அந்த வெட்டை எடுத்துவிட்டது. முன்பு "உங்களுக்கு எதுவும் மிஞ்சாது" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் மறுபடி கேட்க வேண்டும்.

மனசாட்சி சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "அவரோட இரண்டாவது குடும்பத்துச் சின்னக் குழந்தைங்க பங்கைப் பிடுங்கின மாதிரி ஆகாதா?" ஆகாது. விவாகரத்தானவருக்குத் தரும் இந்தத் தொகை குடும்ப உச்சவரம்புக்கு வெளியே இருக்கிறது. உங்களால் அவர்களுக்கு ஒரு டாலர் குறையாது. அவர்களால் உங்களுக்கும் குறையாது. அவர்கள் சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை.

படி 5: காகிதங்கள்

உங்கள் பிறப்புச் சான்று, குடியுரிமை அல்லது குடியேற்ற நிலைக்கான சான்று, திருமணச் சான்று, விவாகரத்துத் தீர்ப்பின் நகல், அவருடைய இறப்புச் சான்று, இரண்டு பேரின் சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு விவரம். தீர்ப்பு இந்திய நீதிமன்றத்தில் வந்தது என்றால் முத்திரையிட்ட சான்று நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் யாரையாவது விட்டு வாங்கச் சொன்னால் அதற்கே சில வாரம் போகும்.

அவருடைய எண் தெரியவில்லையா? சேர்ந்து வரி தாக்கல் செய்த பழைய 1040 படிவத்தின் முதல் பக்கத்தில் இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் அவர் முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர் பெயர் ஆகியவற்றை வைத்து அலுவலகமே தேடும். இனிஷியல் எந்தப் பக்கம் போட்டிருந்தார், அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் ஏறியது என்பதையெல்லாம் யோசித்து வையுங்கள். நம் பெயர்கள் அமெரிக்கப் பதிவுகளில் படும் பாடு தெரிந்ததுதானே.

ஏதோ ஒரு காகிதம் இல்லை என்பதற்காக மனுவைத் தள்ளிப்போடக் கூடாது. முன்தேதியிட்டுத் தருவது அதிகபட்சம் 12 மாதத்துக்குத்தான். அதற்குமேல் தாமதித்த ஒவ்வொரு மாதமும் போன பணம்.

படி 6: போனைப் போடுங்கள்

இந்த மனுவை இணையத்தில் முழுதாகப் போட முடியாது. 1-800-772-1213 என்ற எண்ணில் அழைத்து நேரம் வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் எடுத்தவுடன் "தமிழ் இன்டர்பிரட்டர் வேண்டும்" என்று சொல்லுங்கள். இலவசம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அம்மாவின் மனச்சோர்வையும் மாதவிடாய்க் காலத்துச் சிக்கலையும் மகன் எப்படி அதிகாரியிடம் சொல்வான்? அம்மாவும் அவன் எதிரே பாதியை விழுங்கிவிடுவார்.

என்ன கேட்பது என்பது முக்கியம். "டிஸெபிலிட்டி வேண்டும்" என்று மட்டும் சொன்னால் உங்கள் சொந்த வேலைக் கணக்கைப் பார்த்துவிட்டு, கிரெடிட் போதவில்லை என்று முடித்துவிட வாய்ப்புண்டு. "இறந்துபோன முன்னாள் கணவர் கணக்கில், இயலாமையுள்ள விவாகரத்தான வாழ்க்கைத் துணைக்கான தொகைக்கு மனு போடுகிறேன். என் சொந்தக் கணக்கு, எஸ்எஸ்ஐ இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்" என்று மூன்றையும் சொல்லுங்கள். எஸ்எஸ்ஐ என்பது வருமானமும் சொத்தும் குறைந்த முதியோருக்கும் இயலாதவர்களுக்கும் தரும் தனி உதவித்தொகை. பேசிய நாள், நேரம், யாரிடம் பேசினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

விதவைத் தொகைக்கான படிவம் எஸ்எஸ்ஏ-10. இயலாமை அறிக்கை எஸ்எஸ்ஏ-3368. மருத்துவமனைகளிடமிருந்து ஆவணம் பெற நீங்கள் தரும் ஒப்புதல் எஸ்எஸ்ஏ-827. மூன்றையும் நகல் எடுத்த பிறகே கொடுங்கள்.

படி 7: மருத்துவத் தீர்ப்பு

கல்யாணக் கணக்கை சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் பார்க்கும். உடல்நிலையைப் பார்ப்பது மாநில அரசின் இயலாமை நிர்ணயப் பிரிவு. அளவுகோல் இதுதான்: மருத்துவரீதியாக நிறுவக்கூடிய உடல் அல்லது மனநலப் பாதிப்பு, குறைந்தது 12 மாதம் நீடிப்பது அல்லது மரணத்தில் முடியக்கூடியது, அதனால் குறிப்பிடத்தக்க சம்பாத்தியம் முடியாமல் போனது. 2025-இல் அந்தச் சம்பாத்திய வரம்பு மாதம் 1,620 டாலராக இருந்தது, பார்வையற்றவர்களுக்கு 2,700. ஆண்டுதோறும் மாறும். 1991-க்கு முன் விதவைகளுக்கென்று தனியாக, இதைவிடக் கடுமையான அளவுகோல் இருந்தது. இப்போது எல்லோருக்கும் ஒன்றுதான்.

உங்கள் வயது இங்கே கைகொடுக்கும். 50 தாண்டியவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை மட்டுமே சாத்தியம், வேறு வேலைக்கு எடுத்துச் செல்லத்தக்க தொழில்திறன் இல்லை, நேரடியாக வேலைக்கு அனுப்பும் சமீபத்திய படிப்பும் இல்லை என்றால், விதிப் பட்டியலே அவர் பக்கம் சாயும். 55 தாண்டினால் இன்னும் தளர்வு. கடந்த கால வேலைகளில் 2024 ஜூனிலிருந்து கடைசி 5 ஆண்டு வேலையை மட்டும் பார்க்கிறார்கள். முன்பு 15 ஆண்டு. ஆங்கிலம் பேசத் தெரியாது என்பதைத் தனிக் காரணமாக ஏற்றுக்கொண்ட விதி 2020 ஏப்ரலில் போய்விட்டது. அதை நம்பி மனு போடாதீர்கள்.

இனி நம் ஆட்கள் தோற்கும் இடத்துக்கு வருவோம். அன்றாடச் செயல்பாடு பற்றி எஸ்எஸ்ஏ-3373 என்றொரு படிவம் வரும். "சமைப்பீர்களா?" என்று அதில் கேட்பார்கள். நம் பெண்கள் "ஆம்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். சமைக்க முடியாது என்று எழுதுவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். நடப்பது என்ன? ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு வெங்காயம் நறுக்குவதற்குள் விரல் மடங்கி நின்றுவிடும். குக்கரை இறக்க மகள் வர வேண்டும். சாதமும் ரசமும் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். இட்லி மாவு அரைத்து மூன்று வருஷம் ஆகிறது, கடையில்தான் வாங்குகிறார்கள். இதையெல்லாம் அப்படியே எழுதுங்கள். மிகைப்படுத்த வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எத்தனை பவுண்டு தூக்க முடிகிறது, மாதத்தில் எத்தனை நாள் படுக்கையிலேயே போகிறது என்று எண்ணில் சொல்லுங்கள்.

டாக்டரிடமும் இதே கதை. அவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதும் "நல்லாயிருக்கேன் டாக்டர்" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுகிறோம். "நோயாளி நலமாக இருப்பதாகக் கூறுகிறார்" என்று அது கணினியில் ஏறிவிடும். ஓராண்டு கழித்து உங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி அந்த வரியைத்தான் படிப்பார். ஊரிலிருந்து வரவழைத்த சித்த மருந்து, ஆயுர்வேத எண்ணெய் எதுவானாலும் பயன்படுத்துங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் அதை மட்டும் நம்பி இங்கே டாக்டரிடம் போகாமல் இருந்தால் கோப்பில் ஒன்றும் இருக்காது, மனுவும் நிற்காது.

ஆவணம் போதவில்லை என்றால் அவர்களே தங்கள் செலவில் ஒரு டாக்டரிடம் அனுப்புவார்கள். அந்தச் சந்திப்பைத் தவறவிட்டால் மனு நிராகரிக்கப்படலாம்.

படி 8: காத்திருப்பும் மருத்துவக் காப்பீடும்

பதில் வரப் பல மாதம் ஆகும். இயலாமை தொடங்கிய பிறகு ஐந்து முழு மாதங்களுக்குப் பொதுவாகத் தொகை கிடையாது. தொகைக்கான உரிமை தொடங்கி 24 மாதம் கழித்து மெடிகேர் என்ற ஃபெடரல் மருத்துவக் காப்பீடு வரும். முன்பே எஸ்எஸ்ஐ வாங்கிக்கொண்டிருந்தால் அந்த மாதங்களையும் இந்த 24-இல் எண்ணுவார்கள்.

எஸ்எஸ்ஐ வாங்குபவர்களுக்கு ஒரு பயம் இருக்கும்: புதுத் தொகை வந்தால் எஸ்எஸ்ஐ நிற்கும், அதோடு வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டும் போய்விடுமே என்று. இந்தக் காரணத்தால் மட்டும் எஸ்எஸ்ஐ இழந்த விவாகரத்தான துணைக்கு, மெடிகேர் தொடங்கும் வரை மெடிகெய்டைக் காப்பாற்றித் தரும் விதி இருக்கிறது. மாநில மெடிகெய்டு அலுவலகத்தில் அதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். தானாக நடக்கும் என்று நினைக்க வேண்டாம்.

படி 9: நிராகரித்தால்

முதல் மனு நிராகரிக்கப்படுவது சகஜம். கடிதம் கிடைத்ததிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். முதலில் மறுபரிசீலனை, அடுத்து நிர்வாக நீதிபதி முன் விசாரணை, பிறகு மேல்முறையீட்டுக் குழு, கடைசியில் ஃபெடரல் நீதிமன்றம். பலர் மேல்முறையீட்டை விட்டுவிட்டுப் புது மனு போடுகிறார்கள். அதில் முன்தேதிப் பணம் போய்விடும்.

நீதிபதி விசாரணைக்கு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. வழக்கமான ஒப்பந்தப்படி, வென்றால் மட்டும் நிலுவைத் தொகையில் 25 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, 2024 நவம்பர் இறுதியில் அது 9,200 டாலராக ஆனது. முன்பணமாகக் கட்டணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தொகை வரத் தொடங்கிய பிறகு

சொந்த வேலைக் கணக்கு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னாள் கணவர் கணக்கில் வாங்கிக்கொண்டே, உங்கள் சொந்த ஓய்வூதியத்தைத் தொடாமல் 70 வயது வரை வளரவிட்டு, அப்போது அது பெரிதாக இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளலாம். 62-இல் சொந்த ஓய்வூதியத்துக்கும் சேர்த்து மனு போடச் சொன்னால், அந்தக் கணக்கைப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

இந்தியாவுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நினைப்பீர்கள். குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தத் தொகை அங்கேயும் வரும். கிரீன் கார்டில் இருப்பவர் தொடர்ந்து ஆறு முழு மாதம் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால், விதிவிலக்கு எதிலும் அடங்காத பட்சத்தில், தொகை நின்றுவிடும். எஸ்எஸ்ஐ என்றால் யாராக இருந்தாலும் 30 நாள்தான். மெடிகேர் இந்திய மருத்துவமனைச் செலவைப் பொதுவாகத் தராது. ஆகவே டிக்கெட் போடும் முன்பே அந்த 800 எண்ணில் கூப்பிட்டு, போகும் தேதி, வரும் தேதி இரண்டையும் சொல்லிவிடுங்கள்.